இரண்டாவது அடுக்கு

புதன்கிழமை காலை தீப்தி ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கணினித் திரை கறுப்பாகக் கிடந்தது. மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். நான்காம் முறை பெட்டிக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. வன்தட்டு போய்விட்டது.

தீப்திக்கு முப்பத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் இயற்பியல் படித்தவள், ஒஸ்லோவுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அந்த நுண்ணோக்கியைப் பராமரிப்பதும், ஆராய்ச்சியாளர்களுக்கு அதை இயக்கிக் கொடுப்பதும் அவள் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில் தனி அறையொன்றில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது அந்தக் கருவி. அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக்கூட அது காட்டும். ஆனால் அதற்குக் கட்டளையிடுவது, கருவியோடு சேர்ந்து பதினான்கு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு பழைய கணினி. அதற்குள் செருகி நுண்ணோக்கியோடு இணைத்திருக்கும் அட்டை இன்றைய கணினி எதிலும் பொருந்தாது. அதனால் கணினியை மாற்றவும் வழியில்லை.

மத்தியானத்துக்குள் புது வன்தட்டு ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டாள். அதில் இயங்குதளத்தையும் நுண்ணோக்கியின் மென்பொருளையும் மறுபடி நிறுவ வேண்டும். கருவியைச் செய்த நிறுவனத்துக்கு எழுதினாள். அவர்களுடைய ஆள் வர ஆறு வாரமாகும் என்றும், அதுவரை காத்திருக்க முடியாதென்றால் அவளே நிறுவிக்கொள்ளலாம் என்றும் பதில் வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய ஒரே கோப்பை இறக்கிக்கொள்ள முகவரியும் அனுப்பியிருந்தார்கள். கோப்பின் அளவு ஏழு புள்ளி மூன்று ஜிபி.

வேறு சமயமாக இருந்தால் தீப்தி ஆறு வாரமும் பொறுத்திருப்பாள். அந்த வாரம் அப்படி முடியாது. மக்டலீன் என்ற விண்கல் ஆய்வாளர் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து ஆறு துகள்களை இரவல் வாங்கி வைத்திருந்தார். மூன்று வருடம் கடிதம் எழுதிக் கிடைத்த இரவல். ஆறையும் சேர்த்து வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு விண்கல்லைக் கரைத்துப் பிரித்தெடுத்தவை அவை. சூரியன் உண்டாவதற்கு முன்பே, வேறு ஏதோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி உருவானவை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவற்றைத் திருப்பி எடுத்துப்போக ஆள் வருவார். மக்டலீனுக்கு நுண்ணோக்கி ஒதுக்கப்பட்டிருந்ததே இந்தப் புதன்கிழமை முதல்தான். ஒரு துகளைக்கூட அவர் இன்னும் பார்க்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. செவ்வாய் வரைக்கும் நாள் இருக்கிறதே என்று மட்டும் சொல்லிவிட்டு, துகள் இருந்த சிறு பெட்டியைப் பாதுகாப்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் கோபப்படாததுதான் தீப்திக்குக் கஷ்டமாக இருந்தது.

பதினாறு ஜிபி பென்டிரைவ் ஒன்று மேசையிலேயே கிடந்தது. ஏழு ஜிபிக்கு அது தாராளம் என்று நினைத்தாள். அங்கேதான் முதல் முட்டுக்கட்டை. பழைய வகை வடிவமைப்பில் இருந்தால் மட்டுமே அந்தக் கணினி பென்டிரைவை அடையாளம் காணும். அந்தப் பழைய வகையில் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு எதையும் வைக்க முடியாது. இறக்கிய கட்டுக்குள் இருந்த ஒரு கோப்பு மட்டுமே ஐந்து ஜிபி. குடம் பெரிதாக இருந்தும் வாய் சிறிதாகிப் போன கதை. புதிய வகைக்கு மாற்றினாள். கணினி பென்டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒஸ்லோவில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலைபார்க்கும் அவளுடைய நண்பன் கிரிதர், பெரிய கோப்பை இரண்டாக வெட்டி வைத்துப் பார்க்கச் சொன்னான். வெட்டி வைத்தாள். நிறுவத் தொடங்கி இரண்டு நிமிடத்தில், கோப்பு சேதமடைந்திருக்கிறது என்று திரையில் எழுதிவிட்டு நின்றது.

வியாழக்கிழமை மதியத்துக்குள் ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது, அந்தக் கணினியின் டிவிடி டிரைவ். சாதாரண டிவிடியில் நான்கரை ஜிபிதான் கொள்ளும். இரண்டாகப் பிரித்து எழுதலாமென்றால் நிறுவும் நிரல் இரண்டாவது தட்டைக் கேட்கவே கேட்காது. எட்டரை ஜிபி கொள்ளும் இரண்டு அடுக்கு டிவிடி வேண்டும். தீப்தி நகரத்துக்குள் நான்கு கடைகளில் ஏறி இறங்கினாள். ஒரு கடையில் இருந்த பையனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. இணையத்தில் தேடினால், சீக்கிரமாக வந்தாலே பத்து நாள் என்று காட்டியது.

கிரிதர்தான் ஒஸ்லோத் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டுப் பார்ப்போம் என்றான். வாடகை வீடு, பாட்டு வகுப்பு, கோயில் அறிவித்தல் என்று ஓடிக்கொண்டிருக்கும் குழு அது. அதில் போய் டிவிடி கேட்பது தீப்திக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெண்ணின் குரல் பதிவு வந்தது.

"வணக்கம், நான் கம்சிகா, ரொம்சோஸிலை இருக்கிறன். நீங்கள் கேட்ட டபுள் லேயர் டிவிடி என்னட்டைக் கொஞ்சம் கிடக்கு. ஆனா பழசு. வேலை செய்யுமெண்டு வாக்குத் தரமாட்டன். ஆறுதலா எழுதிற மெஷின் ஒண்டும் கிடக்கு. நாளைக்கு மூண்டு மணிக்கு வாங்கோ."

தீப்தி அதை இரண்டு தரம் கேட்டாள். ஆறுதலாக எழுதும் மெஷின் எப்படி இருக்கும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தே-பான எனும் நகரச் சுரங்க ரயிலில் ரொம்சோஸுக்குப் போனாள். மலையைக் குடைந்து உள்ளே கட்டிய நிலையத்திலிருந்து மேலே வந்தபோது பிப்ரவரிப் பனி காலடியில் கடினமாக நொறுங்கியது. கம்சிகா வாசலுக்கே வந்து நின்றிருந்தார். நாற்பத்திரண்டு வயது. தே-பான ஓட்டுநர். விடிகாலை ஷிப்ட் முடித்து வந்தவர், சீருடைக் காற்சட்டையை இன்னும் மாற்றியிருக்கவில்லை. மலைப்போடு தன்னைப் பார்த்த தீப்தியிடம், நீங்கள் வந்த ரயிலைத்தான் நானும் காலையில் ஓட்டினேன் என்று சொல்லிச் சிரித்தார்.

தேநீர் குடிக்கும்போது டிவிடி வந்த கதை தெரிந்தது. கம்சிகாவும் அவர் கணவர் ரிஷிகேசனும் பன்னிரண்டு வருடம் சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடுத்தவர்கள். ஒரு கல்யாணம் என்றால் குறைந்தது நாலு மணி நேரப் படம். அதில் ஒரு நிமிடத்தையும் வெட்டக் கூடாது, டொரொண்டோவிலும் பாரிஸிலும் இருக்கிற உறவுக்காரருக்கு முழுதாகப் போக வேண்டும்.

"தாலி கட்டேக்கை எழும்பிப் போய் ரெண்டாவது டிவிடி போட ஏலாது எண்டு சனம் சொல்லிப்போட்டுது," என்றார் கம்சிகா. "அதாலை எங்களுக்கு எப்பவும் டபுள் லேயர்தான். பிறகு எல்லாரும் மின்னபின்ன கேட்டவை. இப்ப லிங்க் கேக்கினம்."

மின்னபின்ன என்பது நோர்வேஜியர்கள் பென்டிரைவுக்கு வைத்திருக்கும் பெயர் என்பது தீப்திக்குத் தெரியும். அதைத் தமிழ் வாக்கியத்துக்குள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கட்டடத்தின் அடியில் வீட்டுக்கு ஒன்றாக உள்ள சாமான் அறையிலிருந்து கம்சிகா எல்லாவற்றையும் முன்பே மேலே கொண்டுவந்து வைத்திருந்தார். நடுவில் கம்பி நிற்கும் பிளாஸ்டிக் டப்பாவில் ஏழு தட்டுகள். பக்கத்தில் செங்கல்லைப் போலக் கனமான ஒரு பழைய டிவிடி எழுதி, அவர் சொன்ன அந்த மெஷின். தீப்தியும் வரும் வழியில் கடையில் மெல்லிய புது எழுதி ஒன்று வாங்கி வந்திருந்தாள். புதியதுதானே நம்பகமாக இருக்கும் என்று அதை முதலில் மடிக்கணினியில் இணைத்தாள். கம்சிகா தடுக்கவில்லை. அது மிக வேகமாக எழுதியது. நாற்பத்தொன்பது சதவீதத்தில் விக்கியது. தட்டு வீணாகிப்போனது. இரண்டாவதும் அதே இடத்தில் போனது.

தீப்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்சிகா தன் கனத்த எழுதியை முன்னால் இழுத்தார்.

"கெதியா எழுதினால் உதுதான் நடக்கும். ஆறுதலா எழுதவிட வேணும். இந்த மெஷின் ரெண்டரை மடங்கு வேகத்துக்கு மேலை போகாது. முக்கால் மணித்தியாலம் எடுக்கும், பரவாயில்லை."

அப்போதுதான் தீப்திக்கு விளங்கியது. அவள் ஊரில் துக்கத்துக்குச் சொல்வதுதான் ஆறுதல். இவருக்கு அது மெதுவாக என்று பொருள். அதைச் சொன்னதும் கம்சிகாவுக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு இப்ப ரெண்டும் தேவைதான் என்றார்.

மூன்றாவது தட்டைப் போட்டார்கள். மெஷின் முனகிக்கொண்டு சுழன்றது. இருவரும் மேசையடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிடம் கழித்து, நாற்பத்தொன்பது காட்டும்போது சுழலும் ஓசை தாழ்ந்தது. தீப்தி திரையையே பார்த்தாள். கம்சிகா திரையைப் பார்க்கவில்லை, காதை எழுதியின் பக்கம் சாய்த்திருந்தார். கிளிக் என்று ஒரு மெல்லிய ஒலி. மறுபடி சுழற்சி ஏறியது. ஐம்பது, ஐம்பத்தொன்று.

"இப்ப ரெண்டாவது அடுக்குக்குப் போட்டுது," என்றார் கம்சிகா. "முதல் அடுக்கை நடுவிலை இருந்து விளிம்புக்கு எழுதினது. இனி விளிம்பிலை இருந்து திரும்பி நடுவுக்கு வரும். எழுதிற லேசர் வெளிச்சம் முதல் அடுக்கை ஊடுருவிக்கொண்டு போய், அதுக்குப் பின்னாலை எழுதுது. முன்னாலை எழுதினது ஒண்டும் அழியாது."

"ரெண்டு அடுக்குக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி அக்கா?"

"ஒரு தலைமயிர் அளவுகூட இல்லை எண்டு படிச்சனான்."

ஒரு பொருளுக்குள் ஒரு ஆழத்தைத் தெளிவாகக் காட்டி, அதற்குக் கீழே இன்னொரு ஆழத்துக்கு இறங்குவதுதான் தீப்தி தினமும் செய்யும் வேலை. அதற்காக ஒரு கட்டடத்தின் அடித்தளத்தையே அசையாமல் கட்டி, இரண்டு ஆள் உயரக் கருவியை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வித்தையை ஒரு செங்கல் அளவுப் பெட்டி, சமையலறை மேசையில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் செய்துகொண்டிருந்தது. சனம் தாலி கட்டுவதை எழுந்து போகாமல் பார்ப்பதற்காக. கல்லூரிக் காலத்தில் இப்படி எத்தனை தட்டுகளைக் கையில் வாங்கி, படம் பார்த்து, குப்பையில் போட்டிருப்பாள். அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை. மிச்சமிருந்த இருபது நிமிடமும் அவள் அந்தப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எழுதி முடித்ததும் கம்சிகா அதை மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. கைகாவலாக இன்னொன்றும் எழுதினார்கள். புறப்படும்போது தீப்தி, நாளைக்கு நீங்களும் வர முடியுமா என்று கேட்டாள். சனிக்கிழமை தனக்கு வேலை இல்லை என்றார் கம்சிகா.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் அடித்தளத்து அறையில் இருந்தார்கள். உள்ளே வந்த கம்சிகா நுண்ணோக்கியின் அடியிலிருந்து உச்சிவரை தலையை நிமிர்த்திப் பார்த்தார். தொடலாமா என்று கேட்கவில்லை, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பழைய கணினி தட்டை விழுங்கியது. சில விநாடியில் திரையில் நீல வெளிச்சம் பரவி, நிறுவலாமா என்று கேட்டது. பென்டிரைவ் தோற்ற பிறகு அந்தக் கணினி கேட்ட முதல் கேள்வி அது. தீப்தி பொத்தானை அழுத்தினாள். கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. பத்து, இருபது, நாற்பது சதவீதம். ஐம்பத்திரண்டில் எல்லாம் நின்றது.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். தட்டு சுழன்றது, தணிந்தது, திரும்பச் சுழன்றது. எண் மாறவில்லை. நான்காவது நிமிடத்தில் தீப்தியின் கை தானாக அணைக்கும் பொத்தானுக்குப் போனது. கைகாவல் தட்டைப் போட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தாள்.

"தொடாதேங்கோ," என்றார் கம்சிகா. குரல் உயரவில்லை. "அது தட்டை வாசிக்கிற பழைய கண். ரெண்டாவது அடுக்கைத் தேடுது. சத்தம் ஏறி இறங்குதெல்லே? தேடிற சத்தம்தான் உது. செத்த சத்தம் வேறை மாதிரி இருக்கும்."

"எவ்வளவு நேரம் தேடும்?"

"தெரியாது. பாப்பம்."

தீப்தி கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏழாவது நிமிடம். எட்டாவது. அறையில் நுண்ணோக்கியின் காற்றுறிஞ்சி ஓடும் சீரான ஓசையும், தட்டு எழும்பி விழும் ஓசையும் மட்டுமே. பிறகு அந்தத் தட்டின் ஓசை ஒரே சுருதியில் நின்று, இறங்காமல் தொடர்ந்தது. ஐம்பத்திரண்டு ஐம்பத்து மூன்றாயிற்று. கம்சிகா தன் கைகளைப் பிரித்து நெஞ்சில் வைத்தார்.

இரண்டு மணிக்கு நுண்ணோக்கியின் மென்பொருள் எழுந்தது. தீப்தி ஒவ்வொரு குமிழாகத் திருப்பிச் சோதித்தபோது, பச்சைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, கருவியின் ஒவ்வொரு உறுப்பும் பதில் சொன்னது. மக்டலீனுக்குப் போன் செய்தாள். அவர் நன்றி என்று நோர்வேஜிய மொழியில் மூன்று முறை சொன்னார்.

ஞாயிறு முழுதும் தீப்தி தனியாக இருந்து நுண்ணோக்கியின் எலெக்ட்ரான் கதிரை நேராக்கினாள். திங்கள் காலை மக்டலீன் முதல் துகளை உள்ளே செலுத்தினார். கம்சிகாவை வரச் சொல்லலாமா என்று தீப்தி கேட்டதற்கு, அவர் இல்லாவிட்டால் நாமே இங்கே இருந்திருக்க மாட்டோமே என்றார்.

கம்சிகா ஷிப்ட் முடித்து இரண்டரை மணிக்கு வந்தார். அறை விளக்குகளைத் தணித்திருந்தார்கள். படம் அசையும் என்பதால் நடக்கவோ உரக்கப் பேசவோ கூடாது. தீப்தி அவருக்கு நாற்காலியைக் காட்டினாள். திரையில் ஒரு சாம்பல் நிழல், கடற்கரையில் கிடக்கும் உடைந்த சிப்பியைப் போல. அதன் ஓரம் மெலிந்திருந்த இடத்துக்குத் தீப்தி கதிரை நகர்த்திப் பெரிதாக்கினாள். நிழல் பரந்து திரையை நிறைத்தது. மங்கல் கூடியது. பிறகு குமிழை மிக மெதுவாகத் திருப்பத் திருப்ப, மங்கலுக்குள்ளிருந்து புள்ளிகள் வந்தன. வெள்ளைப் புள்ளிகள், வரிசை வரிசையாக, ஒன்றும் பிசகாமல், திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை.

மக்டலீன் எழுந்து நின்றுவிட்டார். நடக்கக் கூடாது என்று சொன்னவரே அவர்தான்.

தீப்தி ஒவ்வொரு புள்ளியும் அணுக்களின் ஒரு வரிசை என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். சிலிக்கனும் கார்பனும். சூரியனுக்கு நானூற்று அறுபது கோடி வயது, இது அதற்கும் மூத்தது. கம்சிகா தலையசைத்தார். அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. ஒரு வரிசையில் எத்தனை புள்ளி என்று எண்ணுகிறார் என்று தீப்திக்குத் தோன்றியது.

"இதை இதுக்கு முதல் ஆர் பாத்தவை?" என்று கேட்டார் கடைசியில்.

"இந்தத் துகளையா? யாருமே பார்த்ததில்ல அக்கா. உள்ளே இப்படி இருக்குன்னு இப்ப நாம மூணு பேர்தான் பார்க்கிறோம்."

கம்சிகா திரும்பித் தீப்தியைப் பார்த்தார், பிறகு மக்டலீனைப் பார்த்தார். மக்டலீனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்ன கேட்கப்பட்டது என்று புரிந்ததுபோல அவரும் தலையசைத்தார். கம்சிகா திரைக்குத் திரும்பினார். கண்ணைத் துடைக்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்க விட்டுவிட்டு, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தீப்தி இந்த அறையில் ஆயிரம் தடவை அணுக்களைப் பார்த்திருக்கிறாள். எந்தப் படம் தெளிவு, எது குறைவு என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். அன்று அவளும் குமிழைத் தொடாமல், எதையும் குறிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலைக்குள் இரண்டு துகள்களையும், செவ்வாய் விடிந்ததும் வந்து இன்னும் இரண்டையும் படமெடுத்தார்கள். மிச்சம் இரண்டுக்கு நேரம் போதவில்லை. பத்து மணிக்கு ஆள் வந்து பெட்டியை வாங்கிப்போனார். மக்டலீன் ஜன்னலடியில் நின்று வண்டி திரும்பும்வரை பார்த்திருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் தீப்தியின் போன் அடித்தது. கம்சிகா வெஸ்ட்லியில், தே-பானவின் கடைசி நிலையத்தில், அடுத்த ஓட்டத்துக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருப்பதாகச் சொன்னார். மூன்று நாளாக ஒரு கேள்வி தூங்கவிடவில்லையாம். அது சூரியனைவிட மூத்தது என்று எப்படித் தெரியும்? அதிலே ஆரும் தேதி எழுதி வைக்கேல்லைத்தானே?

தீப்தி சொன்னாள். கார்பனில் கொஞ்சம் இலேசானதும் உண்டு, கொஞ்சம் கனமானதும் உண்டு. நம் சூரியன் உண்டான மேகத்தில் இரண்டும் ஒரே அளவில் நன்றாகக் கலந்துவிட்டன. அதனால் பூமியில் எதை எடுத்தாலும், மரமோ கரியோ நம் உடம்போ, கலவை ஏறத்தாழ ஒன்றுதான். அந்தத் துகளில் கலவை முற்றிலும் வேறு. அது இந்த மேகத்தில் பிறந்ததில்லை. மேகம் சூரியனாவதற்கு முன்பே எங்கிருந்தோ வந்து அதற்குள் விழுந்திருக்கிறது, உருகாமல் தப்பியிருக்கிறது.

மறுமுனையில் ரயில் பெட்டிகளின் கதவுகள் திறந்து மூடும் ஓசை கேட்டது.

"அப்ப அந்த நட்சத்திரம்?" என்றார் கம்சிகா. "அது இப்பவும் இருக்கோ?"

அந்தக் கேள்வியைத் தீப்தி மக்டலீனிடம் கேட்டதே இல்லை.

"தெரியாது அக்கா. கேட்டுச் சொல்றேன்."

"ஓம், கேளுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ, அவசரமில்லை," என்றார் கம்சிகா. புறப்பட நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தார். தீப்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மக்டலீனின் அறையைத் தேடி மாடிப்படி ஏறினாள்.